ஃபைல் மேனேஜரை மாற்றலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடும்பத்தின் பழைய போட்டோக்கள், ஸ்கேன் செய்த பத்திரங்கள், தாத்தா சேர்த்து வைத்த பத்திரிகைப் பக்கங்கள் எல்லாம் இப்போது ஃபைல்களாக என்னிடம்தான் இருக்கின்றன. எண்ணிக்கை ஒரு லட்சத்தை நெருங்கிவிட்டது. இவற்றை ஒழுங்காக வைத்துக்கொள்ளத்தான் நான் ஒவ்வொரு ஃபைல் மேனேஜராகப் போட்டுப் பார்க்கத் தொடங்கினேன். அதைப் பார்த்துவிட்டு உறவினர்களும் நண்பர்களும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஃபைல் மேனேஜர் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஃபோல்டர் படத்தைக் கிளிக் செய்தால் திறக்கிறதே, அந்த ஜன்னலைத்தான். விண்டோஸில் அதன் பெயர் ஃபைல் எக்ஸ்ப்ளோரர், மேக்கில் ஃபைண்டர். லினக்ஸில் எந்த வகை, எந்த டெஸ்க்டாப் என்பதைப் பொறுத்து ஒன்று: உபுண்டுவில் நாட்டிலஸ், லினக்ஸ் மிண்டின் சினமனில் நீமோ, கேடிஇயில் டால்ஃபின், எக்ஸ்எஃப்சிஇயில் துனார். அது கம்ப்யூட்டரின் உடம்போடு ஒட்டிப் பிறந்த உறுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் ஒரு புரோகிராம்தான். பிரவுசருக்கு வேறொன்றைப் போட்டுக்கொள்வது போல இதற்கும் போட்டுக்கொள்ளலாம்.

இருப்பதே ஓடுகிறது. எதற்கு மாற்ற வேண்டும்?

தினமும் நாலைந்து ஃபைல்களைத் திறந்து மூடுகிறவர் மாற்ற வேண்டியதில்லை. அவருக்கு இருப்பதே போதும், அதுதான் நல்லதும்கூட.

விண்டோஸில் "டவுன்லோட்ஸ் ஃபோல்டர் திறக்கவே அரை நிமிடம் ஆகிறது" என்பதற்காக மாற நினைப்பவர்கள் முதலில் ஒன்றைச் செய்து பாருங்கள். ஒரு ஃபோல்டரில் படங்கள் நிறைய இருந்தால் எக்ஸ்ப்ளோரர் அதைப் படங்களுக்கான ஃபோல்டர் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஃபைலின் உள்ளேயும் போய் விவரம் படிக்கும். அந்த ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் கஸ்டமைஸ் பக்கத்துக்குப் போய், பொதுவான ஃபோல்டர் என்று மாற்றுங்கள். பல வீடுகளில் பிரச்சினை இதோடு முடிந்திருக்கிறது. டேப் வசதி மட்டும்தான் குறை என்றால், விண்டோஸ் 11-இல் 2022 அக்டோபரிலேயே அது வந்துவிட்டது.

அப்படியானால் யாருக்குத்தான் வேண்டும்?

ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு ஃபைல்களைக் கொண்டுபோவதே வேலையாக உள்ளவர்களுக்கு. ஸ்டுடியோ வைத்திருப்பவர், ஆய்வுக்காக ஆயிரக்கணக்கில் பிடிஎஃப் சேர்ப்பவர், மூன்று ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் வைத்திருப்பவர், பள்ளியில் மாணவர் பதிவுகளைப் பார்த்துக்கொள்பவர் எல்லாம் இந்தக் கூட்டம்.

என் கதையைச் சொல்கிறேன். பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் எடுத்த போட்டோக்களை மெமரி கார்டிலிருந்து வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினேன். கட் செய்து பேஸ்ட். பாதியில் கேபிள் ஆடி, டிஸ்க் கழன்றது. மறுபடி மாட்டிப் பார்த்தபோது எது போயிருக்கிறது, எது போகவில்லை என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. இரண்டு ஜன்னல்கள் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டிருந்தன. நான் எதில் இருக்கிறேன் என்பதே குழம்பிவிட்டது. கடைசியில் நாற்பது படங்கள் கிடைக்கவில்லை. அதில் ஒன்றில் பாட்டி இருந்தாள். அதற்குப் பிறகுதான், புறப்படும் இடமும் போய்ச் சேரும் இடமும் ஒரே நேரத்தில் கண் முன்னால் இருந்தாக வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு வந்தது. நான் மேனேஜர் தேர்ந்தெடுக்கிற முதல் அளவுகோல் இன்றைக்கும் இதுதான்.

அந்த இரண்டு பேனல் மேனேஜர் என்பது என்ன?

ஜன்னல் நடுவில் செங்குத்தாகப் பிரிந்திருக்கும். இடப்பக்கம் ஒரு ஃபோல்டர், வலப்பக்கம் இன்னொரு ஃபோல்டர். இடப்பக்கம் தேர்ந்தெடுத்து எஃப்5 தட்டினால் வலப்பக்கத்துக்குக் காப்பி ஆகும். எஃப்6 தட்டினால் நகரும். எஃப்7 புது ஃபோல்டர், எஃப்8 அழிக்க, எஃப்3 திறந்து பார்க்க, எஃப்4 திருத்த. டேப் கீயைத் தட்டினால் ஒரு பேனலிலிருந்து அடுத்ததற்குத் தாவலாம். இவ்வளவுதான் பாடம்.

இந்த அமைப்பு 1986-இல் டாஸ் காலத்தில் ஜான் சோச்சா எழுதிய நார்ட்டன் கமாண்டரில் பிறந்தது. அப்போது மவுஸ் எல்லோரிடமும் இல்லை, அதனால் எல்லாமே கீபோர்டில். 1993-இல் சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டியன் கிஸ்லர் அதே முறையில் விண்டோஸ் கமாண்டரைக் கொண்டுவந்தார். 'விண்டோஸ்' என்பது மைக்ரோசாஃப்ட்டின் வணிகப் பெயர் என்பதால் 2002-இல் அது டோட்டல் கமாண்டர் ஆனது. 1994-இல் மிகேல் டி இகாசா லினக்ஸ் பக்கம் மிட்நைட் கமாண்டரை எழுதினார். நார்ட்டன் கமாண்டர் எப்போதோ போய்விட்டது. எஃப்5, எஃப்6 மட்டும் நாற்பது வருடமாக மாறவில்லை. ஒன்றில் பழகிய விரல் எல்லாவற்றிலும் வேலை செய்யும் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. கீபோர்டு தமிழில் இருக்கிறதா ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று எஃப் கீகள் கவலைப்படுவதில்லை. ஆனால் பல லேப்டாப்களில் எஃப்5 என்பது வெளிச்சம் கூட்டும் கீயாகவோ ஒலிக் கீயாகவோ இருக்கும். கூடவே எஃப்என் கீயை அழுத்த வேண்டும், அல்லது பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் செட்டிங்ஸில்) மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் நாளே இதைச் சரிசெய்துவிடுங்கள், இல்லையென்றால் எரிச்சலில் விட்டுவிடுவீர்கள்.

விண்டோஸில் எதைப் போடலாம்?

என் பரிந்துரை டபுள் கமாண்டர். இலவசம், ஓப்பன் சோர்ஸ் (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்). விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஒரே முகத்தோடு ஓடும். டோட்டல் கமாண்டருக்காக எழுதிய பிளக்இன்கள் பலவற்றை இதிலும் பயன்படுத்தலாம். அலுவலகத்தில் விண்டோஸ், வீட்டில் லினக்ஸ் என்று இருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இதுவே பெரிய நிம்மதி.

டோட்டல் கமாண்டர் இதைவிட முதிர்ந்தது, வேகமும் கூட. காசு கொடுத்து வாங்க வேண்டிய புரோகிராம். 30 நாள் சோதித்துப் பார்க்கலாம். வாங்காமல் திறந்தால் 1, 2, 3 என்ற பட்டன்களில் ஒன்றை அழுத்தச் சொல்லும். வருடங்கள் போனாலும் அது பூட்டிக்கொள்வதில்லை என்பதால் பலர் அப்படியே ஓட்டுகிறார்கள். தினமும் உங்கள் வேலையை அது செய்து கொடுக்கிறது என்றால் தயவுசெய்து லைசென்ஸ் வாங்குங்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஒருவர் விடாமல் பார்த்துக்கொள்கிற புரோகிராம் அது.

டைரக்டரி ஓபஸ் 1990-இல் அமிகா கம்ப்யூட்டருக்காக ஆஸ்திரேலியாவில் பிறந்தது. இதுவும் காசுக்குத்தான். இதில் மாற்ற முடியாத விஷயம் என்று எதையும் நான் பார்க்கவில்லை. அதுவே சிலருக்கு வரம், சிலருக்குத் தலைவலி. மாலை முழுக்க செட்டிங்ஸிலேயே போய்விடும். ஃபைல்ஸ் என்ற பெயரில் ஒரு ஓப்பன் சோர்ஸ் புரோகிராம் இருக்கிறது, அது விண்டோஸ் 11-இன் தோற்றத்தோடு பொருந்தும், பார்க்க அழகு, டேப்பும் இரண்டு பேனலும் உண்டு. பெரிய ஃபோல்டர்களில் எனக்கு அது மெதுவாகத்தான் இருந்தது. எக்ஸ்ஒய்ப்ளோரர், ஃப்ரீகமாண்டர், ஒரே ஜன்னலில் நாலு பேனல் காட்டும் கியூ-டிர் ஆகியவற்றுக்கும் விசுவாசிகள் உண்டு.

பழசின் மேல் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு செய்தி: 1990-இல் விண்டோஸ் 3.0-வோடு வந்த அசல் ஃபைல் மேனேஜரின் நிரலை மைக்ரோசாஃப்ட் 2018-இல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. இன்றைய விண்டோஸிலும் அது ஓடுகிறது. நான் ஒரு மாலை முழுக்க அதைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லினக்ஸில்?

லினக்ஸ்காரர்களுக்குப் புதிதாக எதுவும் தேவைப்படாமல் போகலாம். நீமோ, டால்ஃபின், துனார் மூன்றிலும் எஃப்3 தட்டிப் பாருங்கள், ஜன்னல் இரண்டாகப் பிரியும். துனாருக்கு இந்த வசதி 2022-இல் 4.18 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தையது வைத்திருந்தால் வராது.

உபுண்டுவின் நாட்டிலஸில் இது ஒரு காலத்தில் இருந்தது. 2012-இல் க்னோம் டெஸ்க்டாப்பின் 3.6 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் லினக்ஸ் மிண்ட் குழு நாட்டிலஸைத் தனியாகப் பிரித்து நீமோவை வளர்த்தது. எளிமை என்ற பெயரில் ஒரு வசதியை எடுக்கும்போது அதை நம்பி வேலை செய்தவர்களின் நிலையை யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. நாட்டிலஸ் பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. என் வேலைக்கு உதவாது.

டால்ஃபினை நான் மனமாரப் பாராட்டுவேன். எஃப்4 தட்டினால் கீழேயே டெர்மினல் (கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் ஜன்னல்) திறக்கும், நீங்கள் நிற்கிற ஃபோல்டரிலேயே. தூரத்து சர்வரை எஸ்எஃப்டிபி என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக உள்ளூர் ஃபோல்டர் போலவே காட்டும். கேடிஇ இல்லாத டெஸ்க்டாப்பில் போட்டால் கூடவே கேடிஇ லைப்ரரிகள் வரும், கேடிஇயின் இரண்டு பேனல் மேனேஜரான க்ரூசேடருக்கும் அப்படியே. டிஸ்க்கில் இடமிருந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முழு கமாண்டர் அனுபவம் வேண்டுமென்றால் டபுள் கமாண்டர் பெரும்பாலான லினக்ஸ் களஞ்சியங்களிலேயே (புரோகிராம்களை எடுத்துப் போட்டுக்கொள்ளும் கிடங்குகள்) இருக்கிறது. திரையை வரையும் லைப்ரரியைப் பொறுத்து ஜிடிகே, க்யூடி என்று இரண்டு வகையாக இருக்கும். க்னோம், சினமன், எக்ஸ்எஃப்சிஇ பக்கம் ஜிடிகே. கேடிஇ பக்கம் க்யூடி.

மேக்கில்?

நான் மேக்கில் அதிகம் புழங்கியதில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபைண்டரின் நெடுவரிசைப் பார்வை நல்லது, அதைப் பயன்படுத்தாதவர்கள் முதலில் அதைப் பழகுங்கள். ஃபைண்டரில் ஃபைலை கட் செய்ய முடியவில்லை என்பார்கள். வழக்கம்போல காப்பி செய்துவிட்டு, பேஸ்ட் செய்யும்போது ஆப்ஷன் கீயையும் சேர்த்து அழுத்தினால் ஃபைல் நகரும். இரண்டு பேனல் வேண்டுமென்றால் ஃபோர்க்லிஃப்ட், மார்ட்டா, அல்லது அதே டபுள் கமாண்டர்.

டெர்மினலில் ஓடுகிற மேனேஜர்கள் எதற்கு?

திரை இல்லாத சர்வரில் எஸ்எஸ்எச் (தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் நுழையும் வழி) வழியாக வேலை செய்யும்போது மிட்நைட் கமாண்டரின் அருமை புரியும். விம் என்ற கீபோர்டு எடிட்டரில் பழகியவர்கள் ரேஞ்சரையும், ரஸ்ட் மொழியில் எழுதிய புதிய யாசியையும் விரும்புவார்கள். விண்டோஸில் ஃபார் மேனேஜர் இருக்கிறது. ஃபைல்களைச் சுருக்கும் ஆர்ஏஆர் முறையை உருவாக்கிய யூஜின் ரோஷல் 1996-இல் எழுதியது. டெர்மினல் பயம் இருந்தால் இந்தப் பக்கமே வர வேண்டாம், ஒன்றும் நஷ்டமில்லை.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் எல்லாவற்றிலும் சரியாக வருமா?

இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் மட்டும் பெயர் வைப்பவர்கள் எழுதுகிற விமர்சனங்களில் இது வரவே வராது.

திரையில் காட்டுவதில் இப்போது சிக்கல் இல்லை. நான் சொன்ன எல்லாவற்றிலும் தமிழ் தெரியும். டெர்மினல் வகைகளில் மட்டும் எழுத்துகள் நெருக்கியோ விலகியோ, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக நிற்கும்.

சிக்கல் நீளத்தில் இருக்கிறது. விண்டோஸின் டிஸ்க் அமைப்பான என்டிஎஃப்எஸ்-இல் ஒரு பெயர் 255 குறியீடுகள் வரை போகலாம், தமிழ் குறியீடும் அங்கே ஒன்றாகத்தான் எண்ணப்படும். லினக்ஸின் எக்ஸ்ட்4-இலும் 255 என்றுதான் சொல்வார்கள், ஆனால் அது பைட் கணக்கு. எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள், 15 பைட். அதாவது 'தமிழ்' என்று இடைவெளியில்லாமல் 17 முறை எழுதினால் லினக்ஸில் பெயர் நிரம்பிவிடும். அத்தை ஒருத்தி ஒவ்வொரு படத்துக்கும் அதில் இருக்கும் எல்லோருடைய பெயரையும் உறவு முறையையும் எழுதிவைப்பாள். அவளது விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்து என் லினக்ஸுக்குக் காப்பி செய்தபோது, பெயர் நீளம் என்று சொல்லி ஒவ்வொன்றாக நின்றது. அந்த நேரத்தில் நல்ல மேனேஜர் என்ன செய்ய வேண்டும்? எது போகவில்லை என்று தெளிவாகச் சொல்லி, அங்கேயே பெயரைச் சுருக்க விட்டு, மற்றவற்றைத் தொடர வேண்டும். ஒரு பிழை வந்ததும் மொத்த வேலையையும் நிறுத்துகிற மேனேஜரை நான் உடனே ஒதுக்கிவிடுவேன்.

விண்டோஸிலும் வேறொரு எல்லை உண்டு. டிரைவ் பெயர் தொடங்கி ஃபைல் பெயர் வரை முழுப் பாதையும் 260 குறியீடுகளுக்குள் இருக்க வேண்டும் என்ற பழைய கணக்கை எக்ஸ்ப்ளோரர் இன்னமும் பிடித்துக்கொண்டிருக்கிறது. டோட்டல் கமாண்டர், டபுள் கமாண்டர் இரண்டும் அதைத் தாண்டிய பாதைகளையும் கையாளும். எக்ஸ்ப்ளோரரில் அழிக்க முடியாத ஃபோல்டரை அங்கே போய் அழித்திருக்கிறேன்.

'கொடைக்கானல்' என்று தேடினால் கண் முன்னால் இருக்கிற ஃபோல்டரே வரவில்லை. ஏன்?

'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக வருவது ஒரு விதம். ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக வருவது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுதான். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் அவை வெவ்வேறு பெயர்கள். ஒரே ஃபோல்டரில் இரண்டு 'கொடைக்கானல்' பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க்குகள் பெயரை எப்போதும் பிரித்துத்தான் எழுதும், அதனால் மேக்கிலிருந்து வந்த ஃபைல்களில் இதை அதிகம் பார்க்கலாம். கோ, கௌ வரிசைகளுக்கும் இதே கதைதான். சந்தேகம் வந்தால் அந்தப் பெயரை அழித்துவிட்டு உங்கள் கீபோர்டில் புதிதாக அடித்துவிடுங்கள், சரியாகிவிடும். நூற்றுக்கணக்கில் இருந்தால் மொத்தமாகப் பெயர் மாற்றும் வசதியில் கண்டுபிடித்து மாற்றலாம்.

அகர வரிசை கலைந்து வருகிறதே?

யூனிகோடில் ன-வும் ந-வும் அடுத்தடுத்து, ர-வை ஒட்டி ற, வ-வுக்கு முன்னாலேயே ள, ழ. நம் அகராதி வரிசை இதுவல்ல. குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து அடுக்குகிற மேனேஜர் 'அழகர்' என்பதை 'அவரை'க்கு முன்னால் வைக்கும், 'அகல்' என்பதை 'அக்கா'வுக்கு முன்னால் வைக்கும். மொழி அமைப்பைப் பார்த்து அடுக்குகிறவை சரியாக வைக்கும். இந்த நாலு சொற்களிலும் காலி ஃபோல்டர்களை உருவாக்கிப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். நான் எல்லாப் பெயருக்கும் முன்னால் 1987-04-14 என்பது போல வருடம், மாதம், நாள் வைத்துவிடுகிறேன். எந்த மேனேஜரிலும் அது கலையாது.

ஜிப் திறந்தால் தமிழ்ப் பெயர் கோணல் மாணலாக வருகிறது.

ஜிப் முறை தோன்றிய காலத்தில் யூனிகோட் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 காலத்தில் எக்ஸ்ப்ளோரர் தமிழ்ப் பெயருள்ள ஃபைலை ஜிப் செய்யவே மறுக்கும். இப்போது நிலைமை தேவலை. அனுப்புகிறவர் 7-ஜிப் பயன்படுத்தினால் பெயர்கள் யுடிஎஃப்-8-இல் போகும், பிரச்சினை வராது.

ஆயிரம் போட்டோவுக்கு ஒரே மூச்சில் பெயர் மாற்ற முடியுமா?

முடியும், மாறுவதற்கு இதுவே போதுமான காரணம். டோட்டல் கமாண்டர், டபுள் கமாண்டர் இரண்டிலும் தேர்ந்தெடுத்துவிட்டு கண்ட்ரோலோடு எம் தட்டினால் ஒரு ஜன்னல் வரும். பழைய பெயர் இடப்பக்கம், வரப்போகும் பெயர் வலப்பக்கம். எண், தேதி, பெயரின் ஒரு பகுதி என்று சேர்க்கலாம். உறுதி செய்யும் முன்பே முழுப் பட்டியலையும் பார்க்கலாம் என்பதுதான் இதன் உயிர். துனாரின் பெயர் மாற்றியில் போட்டோ எடுத்த தேதியையே படத்தின் உள்ளிருந்து எடுத்துப் பெயரில் சேர்க்கும் வசதி உண்டு. ஃபைலின் தேதியும் படம் எடுத்த தேதியும் ஒன்றல்ல; காப்பி, வாட்ஸ்அப் என்று பல கை மாறினால் முதலாவது மாறிவிடும்.

பேக்கப்பும் அசலும் ஒன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

இரண்டு பேனலிலும் இரண்டு ஃபோல்டரையும் திறந்து, ஃபோல்டர்களை ஒத்திசைக்கும் வசதியைத் தட்டுங்கள். எது இங்கே மட்டும், எது அங்கே மட்டும், எது இரண்டிலும் வேறுபடுகிறது என்று வரிசையாக அம்புக்குறியோடு காட்டும். இந்த வசதி அன்றைக்கு என்னிடம் இருந்திருந்தால் அந்த நாற்பது படங்கள் இருந்திருக்கும்.

எல்லாமே வேறுபடுவதாகக் காட்டினால் பதறாதீர்கள். பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய டிஸ்க் அமைப்பில் இருந்தால் அது நேரத்தை 2 விநாடிக் கணக்கில்தான் எழுதும், அதனால் ஒரு விநாடி வித்தியாசம் வரும். ஃபேட்32 உள்ளூர் நேரத்தை மண்டலக் குறிப்பில்லாமல் எழுதுவதால், விண்டோஸும் லினக்ஸும் மாறி மாறிப் பயன்படுத்தும் இந்தியக் கம்ப்யூட்டர்களில் சரியாக 5 மணி 30 நிமிட வித்தியாசம் தெரியலாம். அப்போது தேதியை விட்டுவிட்டு உள்ளடக்கத்தை ஒப்பிடச் சொல்லுங்கள். நேரமாகும், ஆனால் பதில் நம்பகமானது. ஃபேட்32-இல் 4 ஜிபி அளவைத் தொடும் ஒற்றை ஃபைல் ஏறாது என்பதும் நினைவிருக்கட்டும். கல்யாண வீடியோ பாதியில் நிற்பது இதனால்தான்.

கட் செய்வது ஆபத்தா?

ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் முகவரி மட்டும்தான் மாறும், நொடியில் முடியும், பயமில்லை. ஒரு டிரைவிலிருந்து இன்னொன்றுக்கு என்றால் அது காப்பியும் அழிப்பும் சேர்ந்த வேலை. அங்கே நான் கட் செய்வதே இல்லை. காப்பி, ஒப்பீடு, அப்புறம்தான் அழிப்பு. லினக்ஸில் பென் டிரைவுக்குக் காப்பி முடிந்தது என்று காட்டிய பிறகும் எழுத வேண்டியது மெமரியில் மீதம் இருக்கும், எஜெக்ட் செய்து அனுமதி வரும்வரை பிடுங்கக் கூடாது.

தெரியாமல் அழித்துவிட்டால்?

டபுள் கமாண்டர், டோட்டல் கமாண்டர் இரண்டும் குப்பைத் தொட்டிக்கு அனுப்பும். ஷிஃப்ட் சேர்த்து அழித்தால் நேராகப் போய்விடும். மிட்நைட் கமாண்டரில் எஃப்8 என்றால் தொட்டியே கிடையாது. விண்டோஸில் பென் டிரைவிலிருந்தும் நெட்வொர்க் ஃபோல்டரிலிருந்தும் அழிப்பதற்கும் தொட்டி இல்லை. எந்த மேனேஜராக இருந்தாலும் முதல் நாள் ஒரு காலி ஃபோல்டரில் பத்து ஃபைல் காப்பி செய்து, அழித்து, மீட்டுப் பார்த்துவிட்டுத்தான் உண்மையான வேலையைத் தொட வேண்டும்.

ஃபைல் தேட எது வேகம்?

விண்டோஸில் எவ்ரிதிங். இது தேடல் கருவி மட்டும்தான், ஆனால் என்டிஎஃப்எஸ்-இன் தலைமைப் பட்டியலையே நேரடியாகப் படிப்பதால் அடிக்கும்போதே விடை வந்து நிற்கும். எந்த மேனேஜர் வைத்திருந்தாலும் கூடவே இதையும் போடுங்கள்.

கிளவுடில் மட்டும் இருக்கிற ஃபைல்கள் உள்ள ஃபோல்டரில் உள்ளடக்கத் தேடலோ ஒப்பீடோ ஓட்டாதீர்கள். ஒவ்வொன்றையும் படிக்க முயலும்போது எல்லாம் டவுன்லோடு ஆகத் தொடங்கி, மாத டேட்டா தீர்ந்துவிடும்.

போனிலிருந்து படம் எடுக்க?

கேபிளில் இணைத்த ஆண்ட்ராய்டு போனுக்கு, கம்ப்யூட்டரோடு வந்த மேனேஜரையே பயன்படுத்துங்கள். போன் ஒரு டிஸ்க் போலத் தெரிவதில்லை, எம்டிபி என்ற வேறு முறையில் பேசும். மாற்று மேனேஜர்கள் பல இதில் தடுமாறும். மேக்கில் ஃபைண்டருக்கும் இது தெரியாது, தனி ஆப் தேவை.

4 ஜிபி ரேம் உள்ள பழைய மெஷினுக்கு?

லினக்ஸ் என்றால் துனார் அல்லது பிசிமேன்எஃப்எம். விண்டோஸ் என்றால் டோட்டல் கமாண்டரோ டபுள் கமாண்டரோ கண் மூடித் திறப்பதற்குள் திறக்கும்.

புதியது பிடித்துவிட்டது. பழையதை நீக்கிவிடலாமா?

நீக்காதீர்கள். விண்டோஸில் டாஸ்க்பாரும் எக்ஸ்ப்ளோரரும் ஒரே புரோகிராம். உபுண்டுவில் நாட்டிலஸை நீக்கினால் டெஸ்க்டாப்பின் மற்ற பொதிகளும் கூடவே போகலாம். கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ போன்றவற்றின் செட்டிங்ஸில் இயல்பான ஃபைல் மேனேஜர் எது என்று தேர்ந்தெடுக்க இடமுண்டு, அது போதும். டவுன்லோடு செய்யும்போது மட்டும் அந்தந்தப் புரோகிராமின் சொந்தத் தளம் அல்லது லினக்ஸ் களஞ்சியத்தைத் தவிர வேறெங்கும் எடுக்க வேண்டாம். உங்கள் எல்லா ஃபைல்களையும் தொடப்போகிற புரோகிராம் இது.

அம்மாவின் கம்ப்யூட்டரிலும் மாற்றிக் கொடுக்கலாமா?

நான் மாற்றிக் கொடுத்தேன், மூன்று நாளில் திரும்ப எடுத்தேன். அம்மாவுக்கு வேண்டியது பேரப் பிள்ளைகளின் படங்கள் பெரிதாகத் தெரிவது. அதற்கு எக்ஸ்ப்ளோரரின் பெரிய ஐகான் பார்வை நன்றாகவே இருக்கிறது. அந்த ஃபோல்டரை இடப்பக்கப் பட்டியலில் பின் செய்து, பெயரைத் தமிழில் வைத்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் டபுள் கமாண்டரை ஒரு பென் டிரைவிலிருந்து திறந்து, இரண்டு பேனலில் அவள் படங்களையும் பேக்கப் டிஸ்க்கையும் ஒப்பிட்டு, விட்டுப்போனதை எஃப்5 தட்டி ஏற்றிவிட்டு வருகிறேன்.